கடலோரக் காற்றில் பழைய ஃபிலிம் கேமரா: ஷட்டர் வேகத்தை அளப்பதும் பேணுவதும்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலும் கடலூர் வெள்ளிக் கடற்கரையிலும் பழைய மெக்கானிக்கல் கேமராவைக் கொண்டு படம் எடுப்பவர்களுக்கு, இந்த ஊர்களின் வெயிலும் காற்றும், ஃபிலிமின் மேல் ஒளி விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் ஷட்டரை அதன் வேகங்களின் இரண்டு முனைகளிலும் சோதிக்கின்றன. நடுப்பகல் வெயிலில் ஐ.எஸ்.ஓ. 400 (ஒளியுணர்வின் அளவு) ஃபிலிம் போட்டால், லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப்/16 வைத்தும் 1/500 நொடி தேவைப்படுகிறது. எஃப்/11க்குத் திறந்த உடனே 1/1000 ஆகிவிடுகிறது. வயதான ஷட்டரில் முதலில் துல்லியம் இழப்பவை இந்த உச்ச வேகங்கள்தாம். மறுமுனையில், 1 நொடியிலிருந்து 1/15 வரையிலான மெது வேகங்களை நடத்துகிற சிறு பற்சக்கரத் தொகுதியில், ஆண்டுக்கணக்கில் இறுகிப்போன மசகோடு உப்புக்காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்வதால், மாலைக்குப் பிறகு வீட்டுக்குள்ளோ கோயில் மண்டபத்திலோ எடுக்கும் படங்கள் கெடுகின்றன.

ஆனால், வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் சக்கரத்தில் பொறித்த எண்ணுக்கும் ஷட்டர் உண்மையில் திறந்திருக்கும் நேரத்துக்கும் வேறுபாடு இருப்பதாலேயே ஒரு கேமராவை ஒதுக்க வேண்டியதில்லை. 1/1000 என்று வைத்தால் எப்போதும் 1/700இல் ஓடுகிற கேமராவை முழு நம்பிக்கையோடு பயன்படுத்தலாம். ஒரு முறை 1/900, மறுமுறை 1/500 என்று ஓடுகிற கேமராவைத்தான் நம்ப முடியாது. ஆகவே பழுது பார்க்கக் கொடுப்பதற்கு முன்பே ஷட்டரை அளந்துவிட வேண்டும், அதுவும் ஒவ்வொரு வேகத்திலும் பலமுறை அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஷட்டரின் வகையை முதலில் அறிதல்

பின்மூடியைத் திறந்து பார்த்தாலே வகை தெரிந்துவிடும். பென்டாக்ஸ் கே1000, மினோல்டா எஸ்.ஆர்.டி. 101, ஒலிம்பஸ் ஓஎம்-1, லைக்கா எம்3 போன்றவற்றில் ஃபிலிமுக்கு முன்னால் இரண்டு துணித் திரைகள் 36 மி.மீ. அகலத்தைப் பக்கவாட்டில் கடக்கின்றன. நிக்கான் எஃப்எம், எஃப்எம்2 போன்றவற்றில் உலோகத் தகடுகள் 24 மி.மீ. உயரத்தை மேலிருந்து கீழாகக் கடக்கின்றன. கடக்க வேண்டிய தூரம் குறைவு, வேகமும் மிகுதி என்பதால்தான் 1982இல் வந்த எஃப்எம்2 1/4000 வரை செல்ல முடிந்தது. யாஷிகா மேட் 124ஜி, ரோலைஃப்ளெக்ஸ் போன்ற இரட்டை லென்ஸ் கேமராக்களில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அதன் மெல்லிய உலோக இதழ்கள் நடுவிலிருந்து விரிந்து மீண்டும் மூடுகின்றன. இதை லீஃப் ஷட்டர் என்பார்கள்.

திரை ஷட்டரில் உச்ச வேகம் ஏன் முதலில் தடுமாறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பின்வரும் அளவுகள் எல்லாம் எளிதில் விளங்கும். 1/1000 வைத்தாலும் துணித் திரை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஏறத்தாழ 13 மில்லி நொடி எடுத்துக்கொள்கிறது. முதல் திரை கிளம்பி 1 மில்லி நொடி கழித்து இரண்டாம் திரை அதைத் துரத்துகிறது. இரண்டுக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு பிளவு மட்டுமே ஃபிலிமின் மேல் ஊர்ந்து செல்கிறது. முதல் திரையின் உருளையில் சிறிது அழுக்கு சேர்ந்து அது பின்தங்கினால் பிளவு குறுகிவிடும். இரண்டாம் திரை பின்தங்கினால் பிளவு அகன்றுவிடும். 1/60இல் யாருக்கும் தெரியாத அதே அரை மில்லி நொடித் தாமதம், 1/1000இல் படத்தின் வெளிச்சத்தைப் பாதியாக்கவோ ஒன்றரை மடங்காக்கவோ போதும்.

எவ்வளவு விலகலைப் பொறுக்கலாம்

மில்லி நொடியில் நினைத்துப் பழகுவது நல்லது: 1/30 என்பது 33.3, 1/60 என்பது 16.7, 1/125 என்பது 8, 1/250 என்பது 4, 1/500 என்பது 2, 1/1000 என்பது 1. உண்மையில் இந்த வரிசை ஒவ்வொரு படியிலும் சரிபாதியாகவே வடிவமைக்கப்படுகிறது. 1/15 என்று பொறித்தது 1/16ஐயும், 1/125 என்று பொறித்தது 1/128ஐயும் குறிக்கிறது. அந்தச் சிறு வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். 1 மில்லி நொடிக்குப் பதில் 1.4 வந்தால் அரை ஸ்டாப் கூடுதல் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). 2 மில்லி நொடிக்குப் பதில் 2.5 வந்தால் மூன்றில் ஒரு ஸ்டாப் கூடுதல். கலர் நெகட்டிவ், கறுப்பு வெள்ளை நெகட்டிவ் இரண்டும் வெளிச்சம் கூடுவதைத் தாங்கும், குறைவதைத் தாங்காது. ஸ்லைடு ஃபிலிமோ இரு பக்கமும் மூன்றில் ஒரு ஸ்டாப்புக்கு மேல் விட்டுக்கொடுக்காது. எனவே நெகட்டிவில் எடுப்பவர், மெதுவாக ஓடுகிற ஷட்டரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். எண்ணைவிட வேகமாக ஓடுகிற ஷட்டரையும் ஒரே படத்துக்குள் ஏற்றத்தாழ்வு காட்டுகிற ஷட்டரையும் உடனே கவனிக்க வேண்டும்.

அளக்கும் முறைகள்

மெது வேகங்களுக்குக் காதும் கைப்பேசியும் போதும். ஃபிலிம் இல்லாமல் 1 நொடி வைத்து அழுத்தினால், ஆரோக்கியமான கேமராவில் பற்சக்கரங்களின் சத்தம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராகக் கேட்கும். நடுவில் இழுத்தோ, கடைசியில் தயங்கியோ, சில சமயம் நின்றே போயோ கேட்டால் மசகு இறுகிவிட்டது. நேரத்தை எண்ணாகப் பெற, நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் வசதியுள்ள கைப்பேசியைக் கேமராவின் பின்புறம் நிறுத்தி, முன்புறம் வெள்ளைச் சுவரையோ வானத்தையோ பார்க்க வைத்து ஷட்டரை அழுத்த வேண்டும். பிறகு வீடியோவைப் படம் படமாக நகர்த்தி, வெளிச்சம் தெரியும் படங்களை எண்ணலாம். 1/4க்கு 60, 1/8க்கு 30, 1/15க்கு 15 அல்லது 16, 1/30க்கு 8 வர வேண்டும். அதற்கு மேற்பட்ட வேகங்களில் எண்ணிக்கை மிகக் குறைந்துவிடுவதால் இந்த முறையை நம்பக் கூடாது.

உச்ச வேகங்களில் திரைகள் சீராக ஓடுகின்றனவா என்று பார்க்கப் பழைய படக்குழாய் டி.வி. ஓர் அருமையான கருவி. தமிழ்நாடு அரசு 2006 முதல் வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி கடலூர்ப் பக்கத்து வீட்டுப் பரண் எதிலாவது இன்னும் கிடந்தால் அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். நம் நாட்டின் இந்தப் பழைய டி.வி.யின் படம் 625 கோடுகளால் ஆனது. ஒரு கோட்டை வரைய 64 மைக்ரோ நொடி ஆகிறது. ஒரு முறை இறங்கும்போது பாதிக் கோடுகள் மட்டுமே வரையப்படுவதால், டி.வி. திரையின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புக்கு மின்கற்றை இறங்க ஏறத்தாழ 18 மில்லி நொடி ஆகிறது. இருட்டறையில் சிக்னல் இல்லாத ஒளிர்திரையைப் போட்டு, கேமராவின் லென்ஸைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, ஃபிலிம் சட்டத்தின் வழியே டி.வி. திரை மட்டும் தெரியும்படி கண்ணை வைத்து 1/1000இல் அழுத்தினால், ஒரு சாய்வான ஒளிப்பட்டை கண நேரம் தெரிந்து மறையும். ஷட்டர் மேலிருந்து கீழாக ஓடும் கேமராவானால் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடிக்க வேண்டும். கண்ணுக்குப் பதில் கைப்பேசியை நிறுத்தி, அரை நொடி எக்ஸ்போஷர் வைத்துப் படமாகவே எடுத்துக்கொண்டால் நிதானமாக ஆராயலாம்.

பட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே தடிமனில் இருந்தால் இரண்டு திரைகளும் இணையாக ஓடுகின்றன. போகப் போக மெலிந்தால் இரண்டாம் திரை முதலாவதை நெருங்குகிறது. பாதியிலேயே அறுந்துபோனால் எட்டிப் பிடித்தே விட்டது, அந்த வேகத்தில் எடுக்கும் படத்தின் ஒரு பக்கம் முற்றிலும் இருண்டுவிடும். பட்டையின் செங்குத்துத் தடிமனை அளந்தால் நேரமும் ஏறத்தாழத் தெரியும்: 20 செ.மீ. உயரமுள்ள டி.வி. திரையில் 1/1000க்கு 1.1 செ.மீ., 1/500க்கு 2.2 செ.மீ., 1/250க்கு 4.4 செ.மீ. மின்கற்றை கடந்துபோன பிறகும் டி.வி. திரையின் ஒளிர்பூச்சு சிறிது நேரம் மினுங்குவதால் பட்டையின் ஒரு விளிம்பு மங்கலாகவே இருக்கும். ஆகவே இந்த எண்களைக் கொண்டு இறுதி முடிவுக்கு வரக் கூடாது, சீர்மையைப் பார்க்க மட்டுமே இம்முறை.

சரியான எண் வேண்டுமென்றால் ஒளி உணரிதான் வழி. மின்னணு உதிரிப்பொருள் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் ஃபோட்டோ டிரான்சிஸ்டர் ஒன்றை 3.5 மி.மீ. மைக் பிளக்கில் மைக் முனைக்கும் எர்த்துக்கும் இடையே பற்றவைத்தால் கருவி தயார். கைப்பேசியோ மடிக்கணினியோ மைக்குக்குத் தருகிற சிறு மின்னழுத்தமே அதற்குப் போதும். உணரியின் முகத்தில் கறுப்புத்தாள் ஒட்டி அதில் 1 மி.மீ. துளை ஒன்று மட்டும் இட வேண்டும். இந்தத் துளையை அலட்சியப்படுத்தினால் அளவு முழுவதும் பயனற்றுப் போகும், ஏனெனில் உணரியின் முகம் 5 மி.மீ. அகலம் என்றால் 3 மி.மீ. பிளவு அதைக் கடந்து முடிக்கும் நேரமும் ஷட்டர் நேரத்தோடு சேர்ந்துவிடும். உணரியை ஃபிலிம் இருக்கும் தளத்திலேயே, ஆனால் திரையைத் தொடாமல், அட்டையில் பொருத்தி நிறுத்தி, எதிரே பேட்டரியில் எரியும் டார்ச்சை முழு வெளிச்சத்தில் வைக்க வேண்டும். வெளிச்சம் குறைத்து வைத்தால் பல எல்.இ.டி. டார்ச்சுகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும், அந்தத் துடிப்பும் பதிவாகிவிடும்.

ஒலிப்பதிவுச் செயலியில் சத்தக் குறைப்பு வசதிகளை அணைத்து, சுருக்கப்படாத வடிவில் பதிந்து, அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஷட்டர் திறக்கும்போது அலை ஒரு திசையிலும் மூடும்போது எதிர்த் திசையிலும் கூராக எழும். இரண்டு உச்சிகளுக்கும் இடையிலான தூரமே நேரம். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வழக்கமான பதிவில் 1/1000க்கு 44 மாதிரிகள் வரும் என்பதால் நமக்குத் தேவையான நுட்பத்துக்கு இது தாராளமாகப் போதும். திரை ஷட்டரில் சட்டத்தின் தொடக்கப் பக்கம், நடு, முடிவுப் பக்கம் என்று மூன்று இடங்களில் அளக்க வேண்டும். நடுவில் மட்டும் அளந்து சரி என்று முடிவு செய்வது, குறையை மறைத்துவிடும். லீஃப் ஷட்டரில் ஓரிடம் போதும், ஆனால் அபெர்ச்சரை (லென்ஸின் துளையை) முழுவதும் திறந்து ஒரு முறையும் எஃப்/16இல் ஒரு முறையும் அளக்க வேண்டும். இதழ்கள் நடுவிலிருந்து விரிவதால், 1/500 போன்ற வேகத்தில் சிறிய துளைக்குக் கிடைக்கும் வெளிச்ச நேரம் பெரிய துளையின் ஓரங்களுக்குக் கிடைப்பதைவிட அதிகம். இது பழுதல்ல, அந்த வகை ஷட்டரின் இயல்பு.

ஒவ்வொரு வேகத்திலும் பத்து முறை அழுத்துங்கள். முதல் இரண்டு மூன்று அளவுகள் மட்டும் விலகி, பின்னவை ஒன்றுபோல் இருந்தால், கேமரா நெடுநாள் சும்மா இருந்ததால் வந்த தயக்கம் அது. பத்தும் பத்து விதமாக இருந்தால் சர்வீஸ் தவிர வேறு வழியில்லை. ஒன்றுபோல் இருந்தால் சராசரியை ஒரு சிறு அட்டையில் எழுதி கேமராப் பையில் வைத்துவிட்டு, இனிமேல் சக்கரத்து எண்ணை நம்பாமல் அட்டையின் எண்ணைக் கொண்டு கணக்கிடுங்கள். 1/1000 என்பது 1/700 என்றால் அரை ஸ்டாப் அபெர்ச்சரை மூடினால் தீர்ந்தது.

இந்தக் கருவி எதையும் செய்ய விரும்பாதவர் ஒரு ரோலின் சில படங்களைச் செலவிடலாம். மேகமற்ற பகலில், புதுச்சேரி வெள்ளை நகரத்தின் மஞ்சள் சுவர் ஒன்றை முழுச் சட்டமும் நிறைய வைத்து, ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிமில் எஃப்/16க்கு 1/125, எஃப்/11க்கு 1/250, எஃப்/8க்கு 1/500, எஃப்/5.6க்கு 1/1000 என்று அடுத்தடுத்து எடுத்தால், கழுவி வந்த நெகட்டிவில் நான்கும் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும். கைப்பேசியின் வெள்ளைத் திரை மேல் வைத்துப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். நெகட்டிவில் ஒரு பக்கம் மெலிந்திருந்தால் திரைகள் நெருங்குகின்றன. முடிவு விளிம்பில் மட்டும் ஒரு கறுத்த கோடு விழுந்தால் இரண்டாம் திரை மோதித் துள்ளுகிறது.

எல்லா வேகங்களிலும் எல்லாப் படங்களும் ஒரே அளவில் இருண்டோ வெளுத்தோ வந்தால் ஷட்டரைக் குற்றம் சொல்வதற்கு முன் கேமராவின் ஒளி அளக்கும் மீட்டரைப் பாருங்கள். ஓஎம்-1, எஸ்.ஆர்.டி. 101 போன்றவற்றின் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. இன்று கிடைக்கும் 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் வெளிச்சத்தை மிகுத்துக் காட்டும், படம் இருண்டு வரும்.

பேணுதல்

ஷட்டருக்கு மிகவும் நல்லது அதை இயக்குவதுதான். மாதம் ஒரு முறையாவது ஃபிலிம் இல்லாமல், மெது வேகங்களில் தொடங்கி எல்லா வேகங்களிலும் சில முறை அழுத்த வேண்டும். 1/125இல் மட்டும் படம் எடுக்கிறவர்களின் கேமராக்களில்தான் 1 நொடி முதலில் நிற்கிறது. எடுத்து முடித்து உள்ளே வைக்கும்போது ஸ்பிரிங் முறுக்கிய நிலையில் விடக் கூடாது. அழுத்திவிட்டு, அடுத்த முறை எடுக்கும்போதுதான் லீவரை இழுக்க வேண்டும்.

சில கேமராக்களுக்குத் தனி விதிகள் உண்டு. சோர்க்கி, ஃபெட் போன்ற சோவியத் கேமராக்களில் லீவரையோ குமிழையோ முறுக்கிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். பழைய காம்ப்பூர் லீஃப் ஷட்டரிலோ நேர்மாறாக, உச்ச வேகத்துக்கென்று கூடுதல் ஸ்பிரிங் இருப்பதால், முறுக்குவதற்கு முன்பே அந்த வேகத்தை வைத்துவிட வேண்டும். பழைய லீஃப் ஷட்டரின் செல்ஃப் டைமரைத் தொடாமலே இருப்பது உத்தமம். அது பாதியில் நின்றால் ஷட்டரே பூட்டிக்கொள்ளும். லென்ஸுக்குப் பின்னால் பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத லைக்கா போன்ற கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெயிலில் நடக்கும்போது லென்ஸ் மூடியைப் போட்டுவிடுங்கள். சூரியனைப் பார்த்தபடி இருந்தால் லென்ஸ் குவிக்கும் வெப்பத்தில் துணித் திரை துளைபட்டுப்போகும்.

கடற்கரையில் ரோல் மாற்ற வேண்டாம். மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் கூட்டத்துக்கு நடுவே ரோல் தீர்ந்தாலும், மணலை விட்டு நகர்ந்து, காற்றுக்கு முதுகு காட்டி, நிழலில் நின்று மாற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் ரப்பர் ஊதியால் வெளிப்புறத்தை ஊதி, சுத்தமான நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் உப்புப் படிவைத் துடைத்து, உலர்துணியால் மறுமுறை துடைக்க வேண்டும். திரையின் மேல் விரலோ துணியோ படக் கூடாது. கம்ப்ரசர் காற்று அருகிலேயே வரக் கூடாது. ஏ.சி. அறையிலிருந்தோ காரிலிருந்தோ நேராக வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்தால் குளிர்ந்த உலோகத்தின் உட்புறத்திலும் நீர் பூக்கும் என்பதால், நன்கு மூடிய பிளாஸ்டிக் பையில் அரை மணி நேரமாவது வைத்திருந்து பிறகு திறப்பது நல்லது. சித்திரை வைகாசி வெயிலில் மூடிய காருக்குள் விட்டுச் சென்றால் மசகு இளகி நகர்ந்து இதழ்களின் மேல் படியும். எண்ணெய் படிந்த இதழ்கள் ஒட்டிக்கொண்டு தாமதமாகத் திறக்கும்.

தோல் உறையில் வைத்து அலமாரியில் பூட்டுவது இந்த ஊர்களில் பூஞ்சைக்கு அழைப்பு விடுப்பதாகும். ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் சிறு ஈரப்பதமானியும் போட்டு, ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். அதற்கும் கீழே நெடுநாள் விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் தோல் உறைப்பும் பசையும் காய்ந்து பெயரும். விலை குறைந்த ஈரப்பதமானிகள் பத்து விழுக்காடு வரை தப்பாகக் காட்டுவதுண்டு. அதைச் சோதிக்க மரக்காணத்து உப்பே போதும். ஒரு சிறு மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் ஈரச் சேறாகும் அளவுக்குச் சில துளி நீர் விட்டு, ஈரப்பதமானியோடு ஒரு டப்பாவில் இறுக மூடி ஓர் இரவு வைத்தால் அது 75 காட்ட வேண்டும். 69 காட்டினால் உங்கள் கருவி ஆறு குறைத்துச் சொல்கிறது என்று அதன் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் சிலிக்கா ஜெல் விரைவில் நிறம் மாறும். மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் போட வேண்டும்.

எண்ணெய் எதையும் நீங்களாக விட வேண்டாம். ஸ்பிரே எண்ணெய் இரண்டு நாள் ஷட்டரை ஓட வைத்துவிட்டுப் பிறகு இதழ்களிலும் திரைகளிலும் பரவி, இருந்ததைவிட மோசமாக்கும்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது

பழகிய மெக்கானிக்கிடம் 'ஷட்டர் சரியில்லை' என்று மட்டும் சொல்லிக் கொடுக்காமல், நீங்கள் எழுதி வைத்த அட்டையின் நகலையும் கொடுங்கள். எந்த வேகத்தில், சட்டத்தின் எந்தப் பக்கத்தில், எவ்வளவு விலகுகிறது என்று அவருக்கு முன்பே தெரிந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. திரையின் ஸ்பிரிங்கை மட்டும் இன்னும் முறுக்கி 1/1000ஐச் சரிக்கட்டுவதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அழுக்கடைந்த உருளையை அப்படியே விட்டுவிட்டு இழுவிசையைக் கூட்டினால் எண் சில மாதங்களுக்குச் சரியாக வரும். அதற்குள் திரைகள் வேகமாக மோதித் துள்ளத் தொடங்கும், திரைகளை இழுக்கும் நாடாக்களும் தேயும். முதலில் கழற்றிச் சுத்தம், பிறகு தேவையான இடத்தில் மட்டும் துளி மசகு, அதன் பிறகே இழுவிசை என்ற வரிசையைக் கேட்டு வாங்குங்கள். துணித் திரையில் விரிசலோ ஊசித் துளையோ இருக்கிறதா என்று பார்க்க, இருட்டறையில் லென்ஸைக் கழற்றி, கண்ணாடியைத் தூக்கிய நிலையில் முன்பக்கம் டார்ச் அடித்துப் பின்னாலிருந்து பார்க்கச் சொல்லலாம்; துளை பல இடங்களில் இருந்தால் ஒட்டுப் போடுவதைவிடத் திரையை மாற்றுவதே மேல்.

கேமரா திரும்பி வந்த அன்றே, ஃபிலிம் போடுவதற்கு முன், அதே உணரியால் அதே மூன்று இடங்களில் அளந்து புதிய அட்டை எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை அளந்து, இரண்டும் ஒத்துப்போனால் பழைய அட்டையை எடுத்துவிடலாம்.